கூறு வைத்த மாத்திரை

மாரியூர்
9-2-1958

அன்பு மகள் நாகலெட்சுமிக்கு அய்யா எழுதுவது.

இங்கன நானும் உன் ஆத்தாளும் சுகம் என்றுதான் எப்பவும் எழுதுவேன். இந்தத் தடவை ஆத்தா மட்டும் சுகம்.

முதலில் சிரிப்பாணியைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் பரமக்குடி பஸ் ஸ்டாண்டில் உன் அய்யாவைப் போலீஸ் பிடித்துவிட்டது. தோளில் மஞ்சப்பை, பைக்குள் தக்கை போட்ட ஒரு பாட்டில். மதுவிலக்கு ஏட்டு ஒருவர் எட்டிப் பார்த்து, "என்னய்யா பாட்டில்ல?" என்றார். "ஒண்ணுமில்லீங்க" என்றேன். "ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குத் தக்கை?" என்று பிடுங்கி, தக்கையைக் கழற்றி, மூக்குக்கிட்ட வைத்து நல்ல ஆழமாக ஒரு இழுப்பு இழுத்தார். பிடிபடவில்லை போல. இன்னொரு இழுப்பு இழுத்தார்.

"என்னய்யா இது, வீட்டுல காய்ச்சுனதா?"

"உடம்புல காய்ச்சுனதுங்க ஏட்டய்யா. டாக்டர் கொண்டாரச் சொன்னாரு."

பஸ்ஸுக்கு நின்ற சனம் முழுக்கச் சிரித்தது. ஏட்டு பாட்டிலைக் கீழே போடவும் முடியாமல், கையில் வைத்திருக்கவும் முடியாமல் பட்ட பாடு இருக்கிறதே! நான்தான் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, யாரையோ தேடுகிற மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எதுக்கு டாக்டர், எதுக்கு பாட்டில் என்று கேட்பாய். மீன் ஏலம் கூவிக் கூவித் தொண்டை கட்டிவிட்டது என்று உனக்கு எழுதினதெல்லாம் பொய். நெஞ்சில் சயரோகமாம். சளியில் ரத்தம் வந்தது. இப்ப கடற்கரையில் நின்று நான் சீலா மீனுக்கு ஏலம் போட்டால், என் குரலைக் கேட்டுச் சாளைக்கு உள்ள விலையைத்தான் கேட்கிறார்கள்.

கரைவலை இழுக்கிற சோணைமுத்துக்கும் இதே சீக்கு. ரெண்டு பேரும் ஒண்ணாகத்தான் மதுரைக்குப் போய் வருகிறோம். அங்கே காலேஜ் டாக்டர்கள் எங்களை ஏதோ ஆராய்ச்சியில் சேர்த்திருக்கிறார்கள். ஒட்டின உறை ஒன்றைப் பிரித்துப் பார்த்து எனக்குச் சிவப்பு மூடி பாட்டில் மாத்திரை கொடுத்தார் சின்ன டாக்டர். சோணைக்கு இன்னொரு உறை, கறுப்பு மூடி. மாதாமாதம் போய்ச் சளியும் சிறுநீரும் கொடுத்துப் புதுப் பாட்டில் வாங்கி வர வேண்டும். டாக்டர் நல்லபடியாகத்தான் விளக்கினார். நானும் புரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டேன். "நம்மள எலி மாதிரி வச்சிருக்காகளோண்ணே?" என்று சோணை கேட்கிறான். நீ அந்த மாதிரி வார்டில்தானே வேலை பார்க்கிறாய்? எட்டாங் கிளாஸுக்காரனுக்கு விளங்குகிற மாதிரி எழுது.

நீ நர்ஸ் படிக்கப் போன அன்று, "ஊரான் எச்சியை அள்ளப் போறியா" என்று கேட்ட வாய் இது. இப்ப அந்த வாயிலிருந்து வருவதை டப்பாவில் பிடித்து, உன் வயசுப் பிள்ளை ஒருத்தி கையில் கொடுக்கிறேன். அவள் மூஞ்சியைச் சுழிக்கவில்லை. நான்தான் சுழித்தேன்.

அய்யா
குருநாதன்


சென்னை
14-2-1958

அய்யாவுக்கு,

கடிதம் வந்தது. ஏட்டு சங்கதியைப் படித்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை மாதமாக ரத்தம் துப்பினீர்கள் என்று அதில் எழுதவில்லையே. அத்தனை மாதமும் எனக்கு மீன் விலையைத்தான் எழுதிக்கொண்டிருந்தீர்கள். இதே நோய்க்காரர்களின் வார்டில் மகள் வேலை பார்க்கிறாள். தகப்பனுக்கு வந்ததை அவளிடம் மறைத்தீர்கள். இதற்கு மேல் சண்டை போடத் தெம்பில்லை. நைட் டியூட்டி முடிந்து வந்து எழுதுகிறேன்.

சோணை சித்தப்பாவிடம் சொல்லுங்கள். எலியிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. உங்கள் இரண்டு பேரையும் கேட்டிருப்பார்கள். நீங்கள் தலையாட்டியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். புரியாததை அடுத்த தடவை கூச்சப்படாமல் கேளுங்கள்.

விஷயம் இவ்வளவுதான். இரண்டு மருந்து இருக்கிறது. இரண்டுமே இந்த நோய்க்குக் கேட்கும் என்று தெரியும். எது கூடுதலாகக் கேட்கும் என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. டாக்டர் தன் இஷ்டத்துக்குக் கொடுத்தால் மெலிந்தவரைப் பார்த்து மனசு இரங்கி அவருக்கு ஒன்றும், திடமானவருக்கு இன்னொன்றும் கொடுத்துவிடுவார். பிறகு குணமானது மருந்தாலா உடம்பு வாகாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் உறை. யாருக்கு எது என்று முன்கூட்டியே எழுதி, ஒட்டி, அடுக்கி வைத்துவிடுவார்கள். அடுத்து உள்ளே வருகிறவருக்கு அடுத்த உறை. அது எந்த மருந்து என்று டாக்டருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது மூடியின் நிறம் மட்டும்தான்.

கரையில் மீனைக் கூறு கூறாக வைத்துவிட்டு ஒருவரை முதுகைத் திருப்பி நிற்க வைப்பீர்களே. "இந்தக் கூறு யாருக்கு?" என்று கேட்டால் அவர் பார்க்காமல் ஒரு பெயர் சொல்வாரே. அதேதான் இது. டாக்டர் முதுகைத் திருப்பி நிற்கிறார்.

சிறுநீர் கேட்பது, மாத்திரையைத் தின்றீர்களா, பரண் மேல் வைத்தீர்களா என்று பார்க்கத்தான். எப்போது பிடிக்கவில்லையோ அப்போது விலகிக்கொள்ளலாம். விலகினாலும் வைத்தியத்தை நிறுத்த மாட்டார்கள். இது முக்கியம், சித்தப்பாவிடம் இரண்டு தரம் சொல்லுங்கள்.

லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. நாள் முழுக்க அடுத்தவர்களுடைய அய்யாக்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கச் சொல்லி ஆத்தாளிடம் சொல்லுங்கள்.

நாகலெட்சுமி


மாரியூர்
2-3-1958

மகளுக்கு அய்யா எழுதுவது.

உன் கடிதத்தை வள்ளத்து நிழலில் வைத்துச் சோணைக்கு வாசித்துக் காட்டினேன். முதுகைத் திருப்பி நிற்கிற இடம் வந்ததும், "அப்படிச் சொன்னா விளங்காம என்ன? அந்த டாக்டரு வேற என்னென்னமோ சொன்னாரேண்ணே" என்றான். எனக்கும் அன்றைக்குத்தான் விளங்கியது. அவனிடம் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

நீ கவலைப்படாதே. எது நல்ல மருந்து என்று டாக்டருக்குத் தெரியாவிட்டால் என்ன, நாங்கள் முதல் மாதமே அதுக்கு ஒரு வழி பண்ணிவிட்டோம்.

பாட்டிலை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்த அன்றைக்கே சோணை பெண்டாட்டி முத்தழகு அழுது தீர்த்துவிட்டாள். "ஏலம் கூவுறவுகளுக்குச் சிவப்பு, வலை இழுக்குறவனுக்குக் கறுப்பா? எங்களுக்கு எங்க போனாலும் இப்படித்தான்" என்கிறாள். நான் எம்புட்டோ சொல்லிப் பார்த்தேன். அவன் மாத்திரையைத் தொட மாட்டேன் என்கிறான். தொடாமலே செத்துப்போவான் போல இருந்தது. நான் என்ன செய்ய? பங்கு பிரிக்கிறது என் தொழில். துண்டை விரித்து ரெண்டு பாட்டிலையும் கவிழ்த்தேன். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே அளவு. நன்றாகக் கலந்து ரெண்டு கூறு வைத்தேன். முத்தழகை முதுகைத் திருப்பி நிற்கச் சொன்னேன். "இது யாருக்கு?" என்றேன். "அவுகளுக்கு" என்றாள். தீர்ந்தது வழக்கு. அன்றைக்கு ராத்திரியே அவன் மாத்திரையைத் தின்றுவிட்டான். அதிலிருந்து மாதாமாதம் அப்படித்தான். நல்லது எதுவோ அது ரெண்டு பேருக்கும் பாதி, சொத்தை எதுவோ அதுவும் பாதி. யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

இருமல் குறைந்திருக்கிறது. சோணையும் ஒரு நாள் வலைக்கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். உன் ஆத்தா தனித் தட்டு வைத்திருக்கிறாள். வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து அழுகிறாள். தட்டு பரவாயில்லை, அந்த அழுகையைத்தான் சாப்பிட முடியவில்லை.

அய்யா


சென்னை
6-3-1958

அய்யாவுக்கு,

உடனே நிறுத்துங்கள்.

ஒவ்வொரு மருந்துக்கும் இவ்வளவு என்று அளவு இருக்கிறது. அதில் பாதியைக் கொடுத்தால் கிருமி சாகாது. மருந்தைப் பழகிக்கொள்ளும். பழகிவிட்டால் பிறகு முழு அளவு கொடுத்தாலும் அதை ஒன்றும் செய்யாது. இரண்டு மருந்தும் பாதிப் பாதி தின்றால் இரண்டுக்குமே பழகிக்கொள்ளும். அப்புறம் உங்கள் இரண்டு பேருக்கும் கொடுக்க என்ன மிஞ்சும்?

இன்னொன்று. நீங்கள் சிவப்பு தின்பதாக அங்கே எழுதிவைத்திருக்கிறார்கள், சித்தப்பா கறுப்பு தின்பதாக. அந்த எழுத்தை நம்பித்தான் நாளைக்கு எங்கெங்கோ இருக்கிறவர்களுக்கு மருந்து எழுதப் போகிறார்கள். உங்கள் நியாயம் உங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் அய்யா. அவர்கள் பங்கை எந்தத் துண்டில் வைப்பீர்கள்?

நீங்களே போய் டாக்டரிடம் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். விரட்ட மாட்டார்கள். இனி அவரவர் பாட்டில் அவரவருக்கு. சித்தப்பா கேட்காவிட்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

நாகலெட்சுமி


மாரியூர்
25-3-1958

மகளுக்கு,

சொல்லிவிட்டேன். சும்மா சொல்லவில்லை, சோணையோடு ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டுத்தான்.

"நம்ம பிள்ளைதான் சொல்லுது, நான் இல்லேங்கல. ஆனா கரையில யாருக்காச்சும் கெட்ட கூறு விழுந்துட்டா மாத்திக் குடுப்போமா மாட்டோமாண்ணே? நாறுன மீனை ஒருத்தன் வீட்டுக்குக் கொண்டு போக விட்டுருவமா?" என்று கேட்டான்.

"ஏலே, எது நாறுதுன்னு தெரிஞ்சாத்தானே மாத்த முடியும்? இங்கன மூக்குக்கே தெரியலையே" என்றேன். ஏலத்தில் பேசிப் பழகின வாய் எனக்கு. அவன் கேட்டதுதான் சரியான கேள்வியோ என்று பஸ் ஏறும் வரைக்கும் எனக்குள் ஓடியது.

சின்ன டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். துண்டை விரித்ததையும் முத்தழகு முதுகைத் திருப்பி நின்றதையும் சொன்னேன். சிரித்துவிட்டார். பிறகு முகம் வாடிப்போனது. "மேல பரிசோதனைக்கு அனுப்புனா, ரெண்டு பேர் சிறுநீர்லயும் இருக்கக்கூடாதது எல்லாம் இருக்குன்னு எழுதி வருது. பாவம், பாட்டிலைச் சரியாக் கழுவலைன்னு கழுவுற ஆளை நான் ஏசிட்டேன்" என்றார். அந்த ஆளைக் கூப்பிட்டு எங்கள் முன்னாலேயே, "தப்பு உன் மேல இல்லப்பா" என்றார். அந்த ஆள் எங்களைப் பார்த்த பார்வைக்கு, நாங்கள் டாக்டரிடம் ஏச்சு வாங்கியிருந்தாலே தேவலை.

விரட்டவில்லை. எங்கள் பேருக்கு எதிரே இன்ன கூத்து நடந்தது என்று குறித்துக்கொண்டார். அவரவர் பாட்டிலை முழுசாகத் தின்னச் சொன்னார். வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாம் என்று நீ எழுதின மாதிரியே சொன்னார். சளி மோசமானால் உடனே மருந்தை மாற்றிவிடுவார்களாம்.

"எந்த மூடி நல்ல மூடிங்கய்யா?" என்று சோணை நேராகவே கேட்டுவிட்டான்.

"தெரிஞ்சா இந்நேரம் அதைத்தானே உனக்குக் குடுத்திருப்பேன்" என்றார் டாக்டர். பொய் சொல்கிற முகமாக இல்லை.

சோணை கறுப்பு மூடியை மடியில் கட்டிக்கொண்டான். வீட்டில் முத்தழகு ரெண்டு நாள் எனக்கு முகம் கொடுக்கவில்லை.

அய்யா


மாரியூர்
20-7-1958

மகளுக்கு,

எழுத நாளாகிவிட்டது. உடம்பு முடியாமல் இல்லை. உடம்பு தேறினதால்தான் எழுத வரவில்லை.

சளியில் கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சட்டை இறுக்குகிறது. குரல் திரும்பிவிட்டது. முந்தாநாள் ஏலத்தில் நான் கூவினதைக் கேட்டு, யாரோ புது ஆள் வந்திருக்கிறான் என்று வியாபாரி ஒருத்தர் திரும்பிப் பார்த்தார். சந்தோஷமாக இருக்கத்தான் செய்தது. கொஞ்ச தூரம் தள்ளி மணலில் சோணை உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்ததும் குரலைக் குறைத்துக்கொண்டேன். விலையும் குறைந்துபோச்சு.

அவன் கயிற்றைத் தொடுவதில்லை. வலைக்காரர்கள் அவனுக்கு உள்ள பங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதை வாங்க முத்தழகு கூசுகிறாள். சாயங்காலமானால் அவனுக்குக் காய்ச்சல். "கலந்து தின்னப்ப நல்லாத்தானேண்ணே இருந்தேன்" என்றான் நேற்று. சண்டைக்குச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் கேட்கிறேன், நீ கோபப்படாதே. என் பாட்டிலில் பாதியை அவனுக்குக் கொடுத்தால் என்ன? எனக்குத்தான் தேறிவிட்டதே. உன்னைக் கேட்காமல் இந்தத் தடவை செய்ய மாட்டேன். ஆனால் சீக்கிரம் எழுது. எதிர்வீட்டில் அவன் இருமினால் எனக்குக் கேட்கிறது.

அய்யா


சென்னை
24-7-1958

அய்யாவுக்கு,

வேண்டாம். உங்களுக்குத் தேறியது போல இருப்பதுதான் ஆபத்தான நேரம். இப்போது குறைத்தால் திரும்பி வரும். திரும்பி வந்தால் இரண்டு பேரையும் நான் இழப்பேன்.

சித்தப்பாவை மாதம் முடியும் வரைக்கும் உட்கார வைக்காதீர்கள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கூட்டிக்கொண்டு போங்கள். காய்ச்சலைச் சொல்லுங்கள், எடையைப் பார்க்கச் சொல்லுங்கள், மருந்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். நல்ல ஆராய்ச்சியில் மோசமாகிறவரை வேடிக்கை பார்க்க மாட்டார்கள். பார்த்தால் நான் நேரில் வந்து கேட்கிறேன்.

உங்கள் இரண்டு பேர் மாத்திரையையும் பிரிக்கச் சொன்ன கடிதம் நான் எழுதியது. இன்றைக்கு எழுதச் சொன்னாலும் அதையேதான் எழுதுவேன். கலந்து தின்றது கேட்டதா, இல்லை எல்லாருக்கும் முதலில் கொஞ்சம் தேறுமே அது மாதிரியா என்று யாராலும் சொல்ல முடியாது. கலந்து தின்றதாலேயே இப்போது எந்த மருந்தும் கேட்காமல் போனாலும் போகலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். வார்டில் கேட்கிறவர்களுக்கு நிறுத்தாமல் சொல்கிறேன். டியூட்டி முடிந்து படுத்தால் முத்தழகு சின்னம்மா முதுகைத் திருப்பி நிற்பதுதான் கண்ணில் வருகிறது.

களைப்பாக இருக்கிறது அய்யா. அடுத்த மாதம் லீவு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வருகிறேன்.

நாகு


மாரியூர்
3-8-1958

மகள் நாகுவுக்கு அய்யா எழுதுவது.

கடைசியில் நாகு என்று போட்டிருந்தாய். நீ மெட்ராஸுக்குப் போனதிலிருந்து அப்படி எழுதினதில்லை. உன் ஆத்தாளிடம் காட்டினேன்.

கடிதம் வந்த மறுநாளே கிளம்பிவிட்டோம். சோணையால் நடக்க முடியவில்லை. சாயல்குடி வரைக்கும் வண்டி கட்டி, அங்கிருந்து பஸ். பரமக்குடியில் அதே ஏட்டு நின்றார். என் பையைப் பார்த்ததும் நாலடி தள்ளிப்போனார். சோணைக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை. ஏட்டுதான் ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்தார்.

சின்ன டாக்டர் சோணை நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்தார். ஒரு பக்கம் ஓட்டை விழுந்திருக்கிறதாம். பெரிய டாக்டர்கள் உட்கார்ந்து அதுவரைக்கும் வந்த கணக்கைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். கறுப்பு மூடி பலருக்குச் சரியாகக் கேட்கவில்லையாம். அதை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் சிவப்பையே கொடுக்கப் போகிறார்கள். எங்கள் ரெண்டு பேரையும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை என்று டாக்டர் சொன்னார். எனக்கு அதில் ஒரு ஆறுதல். அடுத்தவர்கள் பங்கை நாங்கள் கெடுக்கவில்லை.

சோணைக்கும் இனிமேல் சிவப்புதான். அது இப்ப அவனுக்குக் கேட்குமா என்றேன். "கேக்கணும்" என்றார் டாக்டர். கேக்கும் என்று சொல்லவில்லை. வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, ஊருக்கு வெளியே இருக்கிற சானடோரியத்தில் பல மாதம் கிடக்க வேண்டும் என்று அன்றைக்கே வண்டியில் ஏற்றினார்கள். நானும் கூடப் போனேன்.

வரிசைக் கட்டிலில் அவனுக்கு ஓரத்துக் கட்டில். துணியெல்லாம் எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவன் கேட்டான்.

"அப்ப அந்தக் கறுப்பை எனக்குன்னு யாரும் பாத்துக் குடுக்கலையேண்ணே?"

"இல்லலே. எல்லாம் முன்னாலயே ஒட்டி அடுக்கி வச்சது. உள்ள வர்ற வரிசைக்குத்தான் குடுத்தாக."

"டாக்டருக்கும் தெரியாது."

"தெரியாது."

"அப்ப யார் மேலயும் குத்தமில்ல" என்று படுத்துக்கொண்டான். முத்தழகிடமும் அப்படியே சொல்லச் சொன்னான். அவள் இன்னும் யார் மேலோ வருத்தம் வைத்திருக்கிறாளாம், அது அவள் உடம்புக்கு ஆகாதாம். "நீங்க பொழச்சுக்கிட்டீக, அது போதும்ண்ணே. கரையில ஏலம் கூவ ஆள் வேணும்ல" என்றான். சரி என்று எழுந்து வந்துவிட்டேன்.

முத்தழகிடம் வந்து அவன் சொன்னதைச் சொன்னேன். அவளும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பொழுது விடிஞ்சா அவுகளைப் பாக்கப் போகணும்" என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

இனி எழுதுவது உனக்கு மட்டும். லீவில் வரும்போது ஆத்தாளிடம் சொல்லிவிடாதே.

முதல் முதல் போன அன்று வார்டு வாசலில் பெஞ்சியில் அவன்தான் முன்னால் உட்கார்ந்திருந்தான். நான் அவனுக்கு அடுத்து. கம்பவுண்டர் கதவைத் திறந்து, "அடுத்த ஆள் வாங்க" என்றார். சோணை எழுந்தான். எழுந்தவன் என்னைப் பார்த்து ஒதுங்கி, "நீங்க எழுத்து வாசிச்சவுக, முன்னால போங்கண்ணே. என்ன கேக்குறாகன்னு எனக்கு வந்து சொல்லுங்க" என்றான். நானும் பெருமையாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். டாக்டர் அடுக்கில் மேலே இருந்த உறையை எடுத்தார்.

ஓரத்துக் கட்டிலில் அவன் கேட்டபோது இது என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

அய்யா